உயிர் வராத கொம்பியூட்டரும் செயலாளர் யோகலிங்கமும்

யோகலிங்கம் ஓர் ஆளை முழுசாக நம்புகிறார் என்றால், அந்த ஆள் செத்து ஆண்டுத்திவசமும் முடிந்திருக்க வேண்டும். உயிரோடு திரிகிற எவரிலும் அவருக்கு ஒரு கண். பால்காரன் அளக்கும்போது பார்ப்பார், பஸ்ஸில் கொண்டக்டர் ரிக்கற் கிழிக்கும்போது பார்ப்பார், கோயிலில் ஐயர் பஞ்சாமிர்தம் கொடுக்கும்போதுகூட முன்னால் நின்றவனின் கைக்கு எவ்வளவு போனது என்று எட்டிப் பார்ப்பார். இந்த மனுசனைத்தான் முரசுமோட்டைப் பக்கத்தில் ஒரு கமக்காரர் அமைப்பு ஒன்பது வருசமாகச் செயலாளராக வைத்திருந்தது. எந்த அமைப்பு என்று பெயர் சொன்னால் வீண் வில்லங்கம், விட்டுவிடுவோம்.

வாணி விழா முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு அவர் கந்தோர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, நிரோஜா கையில் ஈரத்துணியோடு கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். அவரைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு மாதிரிப் போனது.

"ஐயா, கொம்பியூட்டர் ஓன் ஆகுதில்லை."

"என்ன கதை இது? புதன்கிழமை பின்னேரம் வேலை செய்ததுதானே?"

"ஓம் ஐயா. நானும் எத்தினை தரம் அமத்திப் பாத்திட்டன். ஒரு சத்தமும் இல்லை."

யோகலிங்கத்தின் கண் கொம்பியூட்டரில் நிற்கவில்லை. அது நேரே அந்த ஈரத்துணிக்குப் போனது.

"உந்தத் துணியாலை என்ன செய்தனீர்?"

"மேசை துடைச்சனான் ஐயா. நேத்துப் பூசை நடந்ததெல்லே, ஒரே கற்பூரக் கரியும் பூவும்."

"மேசையை மட்டுமோ?"

"எல்லாத்தையும்தான் ஐயா துடைச்சனான்."

எல்லாவற்றையும்தான்! அதோடு அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். யோகலிங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிரோஜா தர்மபுரத்துப் பொன்னையாவின் மகள். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். பதினாலு மாதமாக இந்தக் கந்தோரில் தற்காலிக எழுதுவினைஞராக இருக்கிறாள். பொன்னையா உழவு மெசினிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு அந்த வீட்டில் மாதம் தவறாமல் உழைக்கிற ஆள் இவள் ஒருத்திதான். அன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு நிர்வாகசபைக் கூட்டம். நிரோஜாவை நிரந்தரமாக்குவதா, நிற்பாட்டுவதா என்பதுதான் முதல் விசயம். அதற்காகத்தான் அவள் தன்னிடமிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சேலையிலும் யோகலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. குற்றம் செய்த ஆட்கள்தான் நல்லா உடுத்தி வெளிக்கிட்டு வருவார்கள் என்று நினைத்தார்.

ஏன் இவ்வளவு சந்தேகம் என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. காலபோகம் என்கிற மாரி நெல் விதைப்புப் பதிவுப் பட்டியல் அந்தக் கொம்பியூட்டருக்குள்தான் கிடந்தது. அதில் பெயர் இல்லாதவனுக்கு வாய்க்கால் தண்ணியும் இல்லை, மானிய உரமும் இல்லை. போன கிழமை அவர் நிரோஜாவைக் கூப்பிட்டு, தர்மபுரத்து நாலு குடும்பத்தின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடச் சொன்னார். அவர்களிடம் காணிக்குப் பேர்மிற் இல்லை என்பது அவருடைய நியாயம். நாலு பேரில் ஒருவர் நிரோஜாவின் சித்தப்பா. அவள் குரலை உயர்த்தவில்லை. "கூட்டத்திலை முடிவெடுக்கட்டும் ஐயா, அதுக்குப் பிறகு எடுக்கிறன்" என்று மட்டும் சொன்னாள். பதினாலு மாதத்தில் அவள் அவருக்கு மறுத்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். இன்றைக்குக் கூட்டம். இன்றைக்குக் கொம்பியூட்டர் செத்துக் கிடக்கிறது. கையில் ஈரத்துணி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். தலைவர் அப்புத்துரைக்கு அடித்தார்.

"அண்ணை, நான் சொன்னனான் எல்லே, அந்தப் பெட்டை ஆள் சரியில்லை எண்டு. பட்டியல் வெளியிலை வரக்கூடாதெண்டு கொம்பியூட்டருக்குள்ளை தண்ணி விட்டிட்டாள்."

"கண்டனியோ?"

"துணியும் கையுமா நிண்டவள், அண்ணை. வற்றாப்பளை அம்மனாணை, இது இவளின்ரை வேலைதான்."

அப்புத்துரை, "சரி, நான் பாக்கிறன்" என்றார். அம்மனை இழுத்துச் சத்தியம் பண்ணியதில் யோகலிங்கத்துக்கு நெஞ்சு கொஞ்சம் இடித்ததுதான். ஆனாலும் உள்ளதைத்தானே சொன்னேன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

நிரோஜா அதற்குள் கிளிநொச்சி ரவுணில் திருத்துகிற கடை ஒன்றுக்குப் போன் எடுத்திருந்தாள். "பத்து மணிக்கு வருவினமாம் ஐயா" என்றாள்.

"உமக்கு ஆர் அந்த நம்பரைத் தந்தது?"

"கடைப் பலகையிலை போட்டிருந்தது ஐயா. போகேக்கை வரேக்கை பாத்து எடுத்து வைச்சனான்."

பார்த்தீர்களா, பழுதாக்க முதலே திருத்துகிற ஆளின் நம்பரையும் எடுத்து வைத்திருக்கிறாள்! யோகலிங்கம் அதையும் மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஒரு ஸ்கூட்டி வந்தது. இறங்கியது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் பை, காதில் சின்னத் தோடு, வெயிலுக்குப் போட்ட முழுக்கைச் சட்டை. பெயர் யதுர்ஷிகா என்றாள்.

"கடைக்காரர் வரேல்லையோ?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"நான்தான் ஐயா கடைக்காரர்."

"இல்லை, திருத்திறவர்?"

"அதுவும் நான்தான். கொம்பியூட்டர் எங்கை?"

கதிரையை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு யோகலிங்கம் உட்கார்ந்தார். திருத்துகிறவர்கள் உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழசைப் பூட்டிவிடுவார்கள் என்று அவருக்கு ஆரோ சொல்லியிருந்தார்கள். கண் வெட்டாமல் பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

யதுர்ஷிகா முதலில் கொம்பியூட்டரைத் தொடவே இல்லை. சுவரில் இருந்த பிளக்கில் தன்னுடைய போன் சார்ஜரைக் குத்திப் பார்த்தாள். ஏறியது. கரண்ட் இருக்கிறது. பிறகு வயரைக் கழற்றித் தன் பையிலிருந்த வேறு வயரைப் போட்டாள். முன்பக்கத்து ஓன் பொத்தானை, அந்த ஆளியை, அமத்தினாள். ஒன்றுமில்லை.

"வயர் பிழையில்லை. திறந்து பாக்க வேணும்" என்று கொம்பியூட்டரைத் திருப்பியவள், பின்பக்கத்தைப் பார்த்து, "இதிலை ஒரு திருகாணி குறையுது" என்றாள்.

யோகலிங்கம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "கேட்டியளோ! ஆரோ முதலே திறந்திருக்கினம்! நிரோஜா, இதுக்கு என்ன சொல்லுறீர்?"

நிரோஜா தயங்கினாள். "ஐயா, அது... சித்திரை வருசத்துக்கு முதல் உங்கடை மேசை லாச்சியின்ரை பிடி கழண்டது. அதுக்கு நீங்கள்தான் இதிலையிருந்து ஒண்டைக் கழட்டிப் போட்டனீங்கள்."

யோகலிங்கம் மேசையின் இழுப்பறையான அந்த லாச்சியைப் பார்த்தார். பிடியில் அந்தத் திருகாணி கறுப்பாகப் பளபளத்தது. யதுர்ஷிகாவின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்ததை அவர் கண்டார். எரிச்சலாக வந்தது. "சரி சரி, வேலையைப் பாருங்கோ" என்றார்.

பக்கத் தகடு கழன்றது. உள்ளே இரண்டு வருசத் தூசு. யதுர்ஷிகா டோர்ச்சை அடித்துக் குனிந்தாள்.

"தண்ணி போயிருக்கோ?" என்று யோகலிங்கம் கேட்டார். குரலில் ஆவல் தெரிந்தது. ஒரு மனுசன் தன் கந்தோர்ச் சாமான் நாசமாய்ப் போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்.

"இல்லை. எல்லாம் காய்ஞ்சுதான் கிடக்கு. ஈரம் பட்ட அடையாளமே இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் ஐயா பாக்கிறன்." அவள் உள்ளே ஒரு மூலையைக் காட்டினாள். "இந்தப் பச்சை லைற் எரியுதெல்லே? இதுவரைக்கும் கரண்ட் வருது. மற்றதைப் பாப்பம்."

அவள் உள்ளே இருந்த சேர்க்கிட் பலகையில் குத்தியிருந்த பெரிய பிளக்கை இழுத்தெடுத்தாள். அதில் பச்சை வயருக்கும் கறுப்பு வயருக்கும் ஒரு சின்னக் கம்பித்துண்டை வளைத்துக் குத்தினாள். உள்ளே காற்றாடி விர்ரென்று சுத்தியது. கரண்ட் கொடுக்கிற பெட்டி நல்லாக இருக்கிறது என்றாள். பெரிய பிளக்கைத் திரும்பவும் பூட்டினாள். அடுத்தது ஒரு நீளமான பச்சைத் தகட்டைக் கழற்றினாள். யோகலிங்கம் கையை நீட்டி, "அதை எங்கை கொண்டுபோறீர்?" என்று பாய்ந்தார்.

"இஞ்சைதான் ஐயா. அழிறப்பராலை துடைச்சுப் போட்டுத் திரும்பப் பூட்டுறன். வேணுமெண்டா நீங்களே பிடியுங்கோ."

அவர் பிடித்தார். அவள் துடைத்தாள். அதைத் திரும்பப் பூட்டி ஆளியை அமத்தினாள். அப்போதும் அசைவில்லை. நிரோஜா சுவரோடு ஒட்டி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மணி பதினொன்றாகியிருந்தது.

"எனக்குச் சந்தேகம் ஒண்டு வருது" என்றாள் யதுர்ஷிகா.

"எனக்குக் காலமையே வந்திட்டுது" என்றார் யோகலிங்கம், நிரோஜாவைப் பார்த்து.

யதுர்ஷிகா அதைக் காதில் வாங்கவில்லை. முன்பக்க ஆளியிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய வயர்களை உருவிவிட்டாள். அந்த இரண்டு ஊசிமுனையிலும் திருப்புளியின் நுனியால் சும்மா ஒரு தொடுகை. அவ்வளவுதான். காற்றாடி சுத்தியது, பீப் என்றது, திரையில் வெளிச்சம் வந்தது. நிரோஜா "அம்மாளாச்சி!" என்று சத்தம்போட்டுவிட்டாள்.

"உள்ளுக்கை ஒரு பிழையும் இல்லை" என்று யதுர்ஷிகா சொன்னாள். "ஆளிதான் இறுகிக் கிடக்கு. அமத்தினபடியே ஒட்டியிருக்கு."

அவள் கொம்பியூட்டரை நிற்பாட்டி, முன்பக்க மூடியைக் கழற்றினாள். வட்டமான ஆளியைச் சுற்றி, இடுக்கு முழுக்க மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கடியில் கொண்டுபோனாள்.

"சந்தனம்" என்றாள். "நல்ல சந்தனம். ஆரோ பொட்டு வைச்சிருக்கினம். சும்மா வைக்கேல்லை, பெருவிரலாலை நல்லா அமத்தி வைச்சிருக்கினம். அமத்தின ஆளி உள்ளுக்கை போய், சந்தனம் காய்ஞ்சு அப்படியே பிடிச்சிட்டுது. வாணி விழா முடிய எங்களுக்கு இப்பிடி ரெண்டு மூண்டு வாறதுதான். போன வருசம் ஒரு கடையிலை தராசு."

யோகலிங்கம் தன்னுடைய பெருவிரலைப் பார்த்தார்.

முதல்நாள் நடந்தது யோகலிங்கத்துக்கு முன்னால் அப்படியே வந்து நின்றது. நிரோஜாதான் சந்தனத்தை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அலுமாரிக்குப் பொட்டு வைக்கப் போனவளை அவர் மறித்து, "குடும் இஞ்சை. உங்கடை ஆக்களுக்கு இதெல்லாம் தெரியாது. நான் வைக்கிறன்" என்று கிண்ணத்தைப் பறித்தார். அலுமாரிக்கு வைத்தார், றப்பர் முத்திரைக்கு வைத்தார், துளை போடுகிற மெசினுக்கு வைத்தார். கொம்பியூட்டருக்கு எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தார். முன்பக்கத்தில் வட்டமாக, பொட்டுக்கென்றே விட்டதுபோல ஓர் இடம் இருந்தது. சரஸ்வதித் தாயே என்று சொல்லிப் பெருவிரலால் அமத்தி வைத்து, அதற்கு மேல் குங்குமமும் வைத்தார். திரும்பி நிரோஜாவைப் பார்த்து, "பாத்துப் பழகும்" என்று வேறு சொன்னார்.

"பொட்டு வெளியிலை தெரியேல்லையே?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

"நான்தான் காலமை துடைச்சனான் அக்கா" என்றாள் நிரோஜா. யார் வைத்தது என்று சொல்லவில்லை. யோகலிங்கத்தைப் பார்க்கவும் இல்லை.

யோகலிங்கத்துக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். "ஈரத்துணியாலை துடைக்கேக்கைதான் உள்ளுக்கை போயிருக்கும், என்ன?"

"இல்லை ஐயா. இது நேத்தே காய்ஞ்சு கல்லாப் போச்சு. பிள்ளை துடைச்சது மேலாலை மட்டும்தான்."

அவள் இடுக்கைச் சுரண்டித் துப்புரவாக்கி, ஆளியைப் பத்துத் தரம் அமத்தி அமத்திக் காட்டி, மூடிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள். பையில் எதையும் போட்டுக்கொண்டு போகவில்லை. அதை யோகலிங்கம் நன்றாகப் பார்த்திருந்தார்.

நிரோஜா உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள். நாலு குடும்பமும் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு பெயரும் கூடவில்லை, குறையவில்லை. கூட்டத்துக்கு ஏழு பிரதி எடுத்து, மூலை மடியாமல் அடுக்கி அவருடைய மேசையில் வைத்தாள். "வேறை ஏதும் வேணுமோ ஐயா?" என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அப்போதே அப்புத்துரைக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கத்தான் நினைத்தார். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தார். அண்ணை, பிழை என்னில்தான், நான் வைத்த சந்தனம்தான் என்று எப்படிச் சொல்வது? அம்மனாணை என்று வேறு சொல்லியாயிற்று. அந்த மனுசன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும். பின்னேரம் நேரில், பக்குவமாக, சிரிப்பு வராத மாதிரிச் சொல்லலாம் என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வெட்கம் கெட்ட அந்த மூன்று மணித்தியாலத்தை நினைத்து அவர் பிறகு தன்னைத் தானே எவ்வளவு திட்டினாலும் அது போனது போனதுதான்.

இரண்டு மணிக்கு ஏழு பேரும் வந்துவிட்டார்கள். அப்புத்துரை கதிரையில் சாய்ந்து, தொண்டையைச் செருமினார்.

"முதல் விசயம் எழுதுவினைஞர். அதிலை கதைக்க ஒண்டுமில்லை. செயலாளர் காலமை எனக்கு எல்லாம் சொன்னவர். நான் உங்கள் எல்லாருக்கும் போனிலை சொல்லியிட்டன். என்ரை தங்கச்சியின்ரை மகள் கௌசலா படிச்சுப்போட்டு வீட்டிலை இருக்கிறாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிட்டன்."

யோகலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்தார். "அண்ணை, கொம்பியூட்டர் இப்ப வேலை செய்யுது. ஒரு பிரச்சினையும் இல்லை."

"பிரச்சினை கொம்பியூட்டர் இல்லை. நம்பிக்கைதான் பிரச்சினை."

"இல்லை அண்ணை, அந்தப் பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. ஆளிக்குள்ளை சந்தனம் போய் இறுகினது."

"சந்தனத்தை ஆர் வைச்சது?"

குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் நின்றது. நிரோஜா கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று யோகலிங்கத்துக்குத் தெரிந்தது. அறுபது வயதில் ஒரு மனுசன் இத்தனை பேருக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. சொல்லத்தான் வேண்டும்.

"நான்தான் அண்ணை வைச்சனான். பிழை என்னிலைதான். நான் அவசரப்பட்டுப் பிள்ளையிலை பழியைப் போட்டிட்டன்."

யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அப்புத்துரை சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோகலிங்கத்தையே பார்த்தார். அந்தப் பார்வை யோகலிங்கத்துக்கு நல்ல பழக்கம். அது அவருடைய சொந்தப் பார்வை.

"காலமை அம்மனாணை எண்டனி. இப்ப ரெண்டு மணிக்கு நான்தான் எண்டுறாய். இடையிலை என்ன நடந்தது, யோகலிங்கம்? தேப்பன் பொன்னையா வந்து காலிலை விழுந்தவனோ?"

"ஐயோ, அப்பிடி ஒண்டுமில்லை! திருத்த வந்த பிள்ளை கண்டவ. அவவைக் கேளுங்கோ!"

"அவவை ஆர் கூப்பிட்டது?"

"நிரோஜாதான்" என்றார் யோகலிங்கம்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

சபையில் இருந்த கமலாசனி ரீச்சர் மட்டும், "யோகலிங்கம் தம்பி சொல்லுறதையும் ஒருக்கா விசாரிச்சுப் பாத்தால் என்ன?" என்று கேட்டார். ஒன்பது வருசமாக எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுசன் திடீரென்று ஒருத்திக்காக வாதாடினால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று மற்றவர்களுடைய முகத்தில் எழுதியிருந்தது. கை உயர்த்தச் சொன்னார்கள். நிரோஜாவுக்கு இரண்டு கை, எதிராக ஐந்து.

அப்புத்துரை கூட்டக் குறிப்புப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "எழுது. செயலாளரின் முறைப்பாட்டின் பேரில் தற்காலிக எழுதுவினைஞர் இன்றோடு நிறுத்தப்படுகிறார்."

"நான் எழுதமாட்டன்" என்றார் யோகலிங்கம்.

"நீ எழுதாட்டில் நான் எழுதுறன். முறைப்பாடு உன்ரைதானே?" என்று அப்புத்துரை பேனையை வாங்கி எழுதினார்.

கூட்டம் முடிந்து ஆட்கள் மோட்டார்சைக்கிள்களில் கலைந்த பிறகு யோகலிங்கம் குசினிப் பக்கம் போனார். நிரோஜா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. கந்தோர்க் கதவுப் பூட்டின் திறப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவருக்கு அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தான் பட்ட அவமானத்தையாவது அவள் அறியவேண்டும் போலிருந்தது.

"நான் உண்மையைச் சொன்னனான், பிள்ளை. அம்மனாணை, நான்தான் வைச்சதெண்டு சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

நிரோஜா சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். கோபமாகத்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ காலையில் கொம்பியூட்டர் ஓன் ஆகவில்லை என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

"நானும் காலமை உண்மையைத்தானே ஐயா சொன்னனான்."